ரேகை விழாத ஆள்

கீழவளவு ரேஷன் கடையில்
மூன்றாவது தடவையாக விரலை வைக்கிறேன்.
துடைச்சு வைங்க என்கிறாள் சகுந்தலா.
துடைத்து வைக்கிறேன்.
தலையில தேய்ச்சு வைங்க, பசை வேணும்.
தேய்த்து வைக்கிறேன்.
பெட்டி கீச்சென்கிறது. பொருந்தவில்லை.

இந்த மாதக் கடைசிக்குள்
கார்டில் உள்ளவர்கள் எல்லாரும் வந்து விரல் வைக்க வேண்டுமாம்.
வைக்காத பெயரை எடுத்துவிடுவார்களாம்.
வரிசையில் எவனோ சொல்கிறான்,
"பனிக்கரடி பாக்கப் போன ஆளுக்குப்
பச்சரிசி எதுக்கு?"

அங்கே கரடி கிடையாது.
திரும்பி வந்த பிறகு
நாற்பது பேரிடமாவது இதைச் சொல்லியிருப்பேன்.
கரடி இல்லை, மரம் இல்லை,
குரைக்க ஒரு நாய் இல்லை.
எறும்பு இல்லை.
சீனி டப்பாவை மூடாமலே வைக்கலாம்.
முதல் ராத்திரி
எனக்குப் பயமாக இருந்தது அதுதான்.

இருபத்து மூன்று பேர், மூன்று ஜெனரேட்டர்.
ஒன்றாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்,
அது என் பொறுப்பு.
வைகாசியில் போன சூரியன்
ஆடியில்தான் தலையைக் காட்டியது.
இடைப்பட்ட நாளில்
ஆள் இருக்கா என்று யாராவது கேட்டிருந்தால்
என் டீசல் சத்தம்தான்
இருக்கு இருக்கு இருக்கு என்று
சொல்லியிருக்கும்.
கேட்க யாருமில்லை.

கையெழுத்துப் போட்டுத்தான் போனோம்.
முட்டை ஓடு, பல்துலக்கி, பொரித்த எண்ணெய்,
கழிவறையில் போனது உட்பட
எல்லாம் பீப்பாயில் அடைத்து
எடைபோட்டு எழுதிக் கப்பலில் திரும்ப வேண்டும்.
ஒரு கூழாங்கல்லைப் பையில் போடக்கூடாது.
(இங்கே நாலு கிலோமீட்டரில்
ஒரு மலையையே அறுத்து
லாரியில் ஏற்றினார்கள்.
நானும் இரண்டு வருடம்
அந்த லாரிகளுக்கு வால்வு மாற்றியிருக்கிறேன்.)

கால் மட்டும் ஒப்பந்தத்தை மதிக்கவில்லை.
புதுப்பனியில் மிதித்த இடம் இறுகிவிடும்.
காற்று இரண்டு நாள் அடித்து
சுற்றியுள்ள தூளையெல்லாம் வாரிக்கொண்டு போகும்.
மூன்றாம் நாள் பார்த்தால்
தடம் பள்ளமாக இல்லை,
பீடம் பீடமாக எழும்பி நிற்கும்.
இடது, வலது, இடது,
எண்ணெய்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பிய நான்.
சமையல்காரர் மிங்கேல்
அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.
யாரோ அடியிலிருந்து
மேல்நோக்கி மிதித்துக்கொண்டு போகிறான் என்றார்.
சிரித்தேன்.
அதற்கப்புறம் அந்தப் பக்கம்
தனியாகப் போகவில்லை.

விரல் கதை சின்னது.
கையுறையோடு திருக முடியாத வால்வு ஒன்று.
மைனஸ் முப்பத்தொன்று.
அரை நிமிஷம்தானே என்று கழற்றினேன்.
இரும்பு என் தோலை வைத்துக்கொண்டது,
பெருவிரல், ஆள்காட்டி, நடு.
பிறகு முளைத்தது மொழுக்கென்று இருக்கிறது,
வழித்த தட்டு மாதிரி.
குப்பைக் கணக்கில்
அதை நான் எழுதவில்லை.

கடைக்குப் பின்னால் பஞ்சபாண்டவர் மலை.
பாறையில் வெட்டிய படுக்கைகள்,
தலைக்கு மேடு கூட உண்டு.
படுத்தவர்கள்
எறும்பு நசுங்கிவிடுமே என்று
தரையைக் கூட்டிக்கொண்டு நடந்தவர்களாம்.
அவர்கள் பெயர் அங்கே இல்லை.
கொடுத்தவன் பெயர் இருக்கிறது.
அதையும் தலைகீழாக வெட்டிவிட்டுப் போயிருக்கிறான்.
சின்ன வயதில் அதில் படுத்து
சீட்டு விளையாடியிருக்கிறோம்.
வெயில் காலத்திலும் முதுகு சில்லென்று இருக்கும்.
அந்தக் குளிரைக் குளிர் என்று
அப்போது நினைத்திருந்தேன்.

சகுந்தலா இன்னொரு கருவியை எடுக்கிறாள்.
"கண்ணைக் காட்டுங்கண்ணே. சிமிட்டாதீங்க."
உள்ளே சின்னதாக ஒரு வெளிச்சம்.
இரண்டு மாதம் எதுவும் வராத திசையையே
பார்த்துப் பழகிய கண்.
சிமிட்டவில்லை.
"ஆள் இருக்கு" என்றாள்,
என்னைப் பார்த்து அல்ல, திரையைப் பார்த்து.
"அரிசி இருபது, சீனி ரெண்டு.
பருப்பு நாளைக்கு."

சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தேன்.
வீட்டு வாசலில் இறக்கும்போதுதான்
மூலையில் ஓட்டை தெரிந்தது.
ரஞ்சிதம் என்னவோ திட்டினாள்.
திரும்பிப் பார்த்தேன்.
நான் வந்த வழி முழுக்க
எறும்பு.